பேரிடர் மேலாண்மையைத் தொழிலாகக் கொள்ள விரும்புவோருக்கு: வேலூர் வட்டாரத்திலிருந்து ஒரு வழிகாட்டி

என்னிடம் ஆலோசனை கேட்டு வரும் மாணவர்கள் பெரும்பாலும், "பேரிடர் மேலாண்மைத் துறையில் சேர எந்தப் படிப்பைப் படிக்க வேண்டும்?" என்றே தொடங்குவார்கள். அதற்கு விடை சொல்லுமுன் நான் அவர்களிடம் ஒன்று கேட்பது வழக்கம்: "உங்கள் ஊர் ஏரியின் கலங்கல், அதாவது நிரம்பியபின் உபரி நீர் வழியும் இடம், எந்தப் பக்கம் இருக்கிறது? அது வழிந்தால் தண்ணீர் எந்தத் தெரு வழியாகப் போகும்?" பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. தெரியாதது குற்றமன்று, ஆனால் இந்தத் துறைக்கு வர விரும்புகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான். படிப்பும் சான்றிதழும் அதற்குப் பிறகு வந்தால் போதும்.

கிராம நிர்வாக அலுவலராகச் சேர்ந்து, பழைய வடாற்காட்டின் வெவ்வேறு வட்டங்களில் பல ஆண்டுகள் வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மழைக்காலத்து இரவுகளில் ஏரிக்கரைகளிலும், பள்ளிக்கூடங்களில் அமைத்த நிவாரண முகாம்களிலும் நின்றிருக்கிறேன். தொலைக்காட்சியில் மக்கள் காண்பது ரப்பர் படகையும் கயிற்றையும் சீருடை அணிந்த வீரர்களையும்தான். அது இந்தப் பணியின் கடைசிக் கட்டம். அதற்கு முந்தைய பத்து மாதங்களில் வெயிலில் நடந்து, பட்டியல் எழுதி, மதகின் பலகையை மாற்றச் சொல்லி மனு மேல் மனு போட்டுச் செய்கிற வேலைதான் பெரும்பகுதி உயிர்களைக் காப்பாற்றுகிறது. 1999ஆம் ஆண்டு ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். 2013இல் அதே கடற்கரையில் பைலின் புயல் கரையைக் கடந்தபோது உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. இடைப்பட்ட 14 ஆண்டுகளில் கட்டப்பட்ட புயல் காப்பகங்களும், ஊர் ஊராக அளிக்கப்பட்ட பயிற்சியும், புயலுக்கு முன்பே பல லட்சம் மக்களை வெளியேற்றிய ஏற்பாடும்தான் அந்த வேறுபாட்டுக்குக் காரணம். இதை ஏற்றுக்கொள்ள முடிகிறவருக்கே இந்தத் தொழில் நிறைவு தரும். படபடப்பை மட்டும் தேடி வருகிறவர் இரண்டாம் ஆண்டிலேயே சலித்துப்போவார்.

முதலில் உங்கள் மாவட்டத்தைப் படியுங்கள்

1989இல் வடாற்காடு இரண்டாகப் பிரிந்தது. 2019இல் வேலூர் மாவட்டத்திலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. எல்லைக் கோடுகள் மாறினாலும் ஆறுகள் அவற்றை மதிப்பதில்லை. பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தின் ஒரு மூலையைக் கடந்து, தமிழ்நாட்டுக்குள் 222 கிலோமீட்டர் ஓடிக் கடலில் சேர்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடப்பதால் அதை ஆறு என்று நினைவில் வைத்துக்கொள்வதே கடினம். அதன் படுகையில் மாடு மேய்கிறது, குடிசை எழுகிறது, வாகனங்கள் குறுக்கே போகின்றன. 1903 நவம்பரில் அன்றைய மைசூர் சமஸ்தானத்து ஏரிகள் உடைந்து வந்த வெள்ளம் வாணியம்பாடியை மூழ்கடித்துப் பலரின் உயிரைப் பறித்தது. நூற்றுப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2021 நவம்பரில், அதே ஆற்றில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தது. அப்போது பேரணாம்பட்டில் மழையில் ஊறிய வீட்டுச் சுவர் இடிந்து நான்கு குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் இறந்தனர். அந்த நிகழ்வை இத்துறைக்கு வரும் ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். ஆற்றில் எத்தனை கன அடி வருகிறது என்பதை மட்டும் கவனித்துக்கொண்டிருக்கும் அலுவலர், ஈரம் ஏறிய மண்சுவரைக் கவனிக்கத் தவறிவிடக்கூடும். பெருமழைக் காலத்தில் சுவர் இடிந்து ஆள் இறப்பது நம் வட்டாரத்தில் திரும்பத் திரும்ப நடக்கிறது.

பாலாறு ஒன்றோடு முடியவில்லை. பொன்னையாற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்பது சித்தூர்ப் பக்கத்துக் கலவகுண்டா அணையில் எவ்வளவு திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. குடியாத்தத்தின் நடுவே ஓடும் கவுண்டன்ய மகாநதியின் நிலை மோர்தானா அணை நிரம்புவதைப் பொறுத்தது. ஆகவே இங்கே பணிபுரிகிறவருக்கு அண்டை மாநில அலுவலரின் தொலைபேசி எண்ணும், நான்கு வரி தெலுங்கு பேசும் துணிவும் தேவைப்படுகின்றன. பழைய வடாற்காட்டின் தெற்குப் பாதியான திருவண்ணாமலையில், 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு பெயர்ந்து வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் இறந்தனர். மண்சரிவு என்றால் நீலகிரி என்று எண்ணியிருந்த பலருக்கு அது கசப்பான பாடமாயிற்று. கார்த்திகை தீபத்தன்று அதே மலையடிவாரத்தில் பல லட்சம் பேர் கூடுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்; கூட்ட மேலாண்மையும் இந்தத் துறையின் ஒரு பிரிவே.

வெயிலை மறந்துவிடக் கூடாது. வெயிலூர் என்று நாமே பெயர் வைத்திருக்கிறோம்; ஆனால் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் செங்கல் சூளையிலும் கட்டுமானத்திலும் சுருண்டு விழுந்தவர்களைப் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களாக எண்ணிப் பழகவில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்ததால், நிவாரணத்துக்கும் முன்னேற்பாட்டுக்கும் முறையான வழி பிறந்திருக்கிறது. இனி வரும் ஆண்டுகளில் இத்துறையில் புதியவர்களுக்கு மிகுந்த வேலை இருக்கப்போவது இங்கேதான் என்பது என் கணிப்பு.

இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் காண, உங்கள் மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தைத் தேடி எடுங்கள். 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஆட்சியர் தலைமையில் ஓர் ஆணையமும், அதற்கென ஒரு திட்டமும் இருக்க வேண்டும். மாவட்ட இணையதளத்தில் அது பெரும்பாலும் கிடைக்கும். எந்தெந்த ஊர்கள் மிக அதிகம், அதிகம், மிதமான, குறைந்த பாதிப்புக்குள்ளாகும் பகுதிகளாக வகைப்படுத்தப்பட்டுள்ளன, எந்தப் பள்ளி முகாமாகக் குறிக்கப்பட்டுள்ளது, முதல்நிலை மீட்பாளர்கள் யார், பாம்பு பிடிப்பவரும் மரம் அறுப்பவரும் பொக்லைன் வைத்திருப்பவரும் யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். படித்த பிறகு, கையில் அதை எடுத்துக்கொண்டு உங்கள் ஊரில் நடந்து பாருங்கள். குறித்திருக்கும் பள்ளிக்குக் கழிப்பறை இருக்கிறதா, அந்தப் பள்ளிக்குப் போகும் தரைப்பாலமே முதலில் மூழ்குமா என்று பாருங்கள். ஒரு மழை இரவில், திட்டத்தில் இருந்த படகுக்காரரின் எண்ணை நான் அழைத்தபோது, எடுத்தவர் யாரோ ஒரு வெளியூர்க்காரர். படகுக்காரர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோயிருந்தார். முந்தைய ஆண்டுப் பட்டியலை அப்படியே நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றியிருந்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு செப்டம்பரிலும் பட்டியலில் உள்ள எல்லா எண்களையும் நானே ஒருமுறை அழைத்துப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஒரு பிற்பகல் போதும் அதற்கு.

வருவாய்த் துறை என்னும் பெருவாசல்

நம் மாநிலத்தில் பேரிடர் மேலாண்மையின் முதுகெலும்பு வருவாய்த் துறைதான். மாநில அளவில் வருவாய் நிர்வாக ஆணையரே பேரிடர் மேலாண்மைக்கும் பொறுப்பு வகிக்கிறார். மாவட்டத்தில் ஆட்சியரும், அவருக்குக் கீழே மாவட்ட வருவாய் அலுவலரும், ஆட்சியர் அலுவலகத்தில் பேரிடர் மேலாண்மைக்கென ஒரு வட்டாட்சியரும், கடைசியில் ஊரில் வருவாய் ஆய்வாளரும் கிராம நிர்வாக அலுவலரும் உள்ளனர். இந்த ஏணியில் ஏற மூன்று படிகள் உள்ளன. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வு எழுதி கிராம நிர்வாக அலுவலர் ஆகலாம். பட்டம் பெற்றவர்கள் இரண்டாம் தொகுதித் தேர்வுகள் வழியாக அலுவலகப் பணியில் நுழையலாம். முதல் தொகுதித் தேர்வில் வென்றால் துணை ஆட்சியராகலாம். வயது வரம்பும் பாடத்திட்டமும் அவ்வப்போது மாறுவதால் ஒவ்வோர் அறிவிக்கையையும் முழுமையாகப் படிப்பது நல்லது.

"கிராம நிர்வாக அலுவலர் பணி பட்டா, சிட்டா, அடங்கல் பார்க்கிற வேலைதானே, இதில் பேரிடர் எங்கே வந்தது?" என்று கேட்கிறவர்கள் உண்டு. எச்சரிக்கை வந்தவுடன் ஊரில் அதை முதலில் அறிவிக்க வேண்டியவர் அவரே. முன்பெல்லாம் தண்டோரா போடுவோம். அந்த முறையை 2022இல் அரசு கைவிட்டது, அது சரியான முடிவு. இப்போது ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோதான். ஆனால் ஆட்டோ போகாத சந்தில் யார் இருக்கிறார்கள் என்பதை அறிந்தவர் அவர் மட்டுமே. 2021 வெள்ளத்தின்போது இளம் பெண் அலுவலர் ஒருவரின் குறிப்பேட்டைப் பார்த்து நான் வியந்தேன். கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டு, எட்டாம், ஒன்பதாம் மாதக் கர்ப்பிணிகள் யார் யார், டயாலிசிஸ் செய்துகொள்பவர் யார், படுக்கையிலேயே இருக்கும் முதியவர்கள் எந்த வீட்டில் என்று மழை தொடங்குமுன்பே எழுதி வைத்திருந்தார். மற்றவர்கள் ஆள் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அவருடைய ஊரில் அந்த வீடுகள் முதலில் காலியாயின. அந்தக் குறிப்பேட்டை எந்தப் பாடத்திட்டமும் அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் இத்துறையின் முழுத் திறமையும் அதில் இருந்தது.

பொது மக்கள் அவசரத்துக்கு அழைக்கும் 1077 என்ற எண் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கும், 1070 மாநிலக் கட்டுப்பாட்டு மையத்துக்கும் செல்கின்றன. வாய்ப்புக் கிடைத்தால் மழைக்காலத்தில் ஓர் இரவாவது அப்படியொரு அறையில் அமர்ந்து பாருங்கள். பதற்றத்தோடு பேசுகிறவரிடமிருந்து ஊர், தெரு, அடையாளம், எத்தனை பேர், தண்ணீர் எந்த உயரம் என்ற ஐந்தையும் ஒரு நிமிடத்தில் வாங்குவது எளிதன்று. அதைப் பழகியவரை எந்தத் துறையும் விரும்பி ஏற்றுக்கொள்ளும்.

சீருடைப் பணிகள்

அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காம் படைப்பிரிவு உள்ளது. 2024இல் வயநாடு நிலச்சரிவுக்கு இங்கிருந்துதான் குழுக்கள் விரைந்தன. அதைப் பார்த்து வளர்ந்த நம் வட்டாரப் பிள்ளைகள் பலர் அதில் நேரடியாகச் சேர விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார்கள். நேரடிச் சேர்க்கை கிடையாது. மத்திய ஆயுதக் காவல் படைகளில் சேர்ந்தவர்களே அயற்பணியாக அங்கு அனுப்பப்படுகிறார்கள். ஆகவே மத்திய அரசின் எஸ்.எஸ்.சி. என்னும் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் காவலர் தேர்வை எழுதியோ, பட்டதாரிகள் யு.பி.எஸ்.சி. என்னும் மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் உதவித் தளபதித் தேர்வை எழுதியோ முதலில் அந்தப் படைகளில் ஒன்றில் சேர வேண்டும். எல்லைக் காவலிலோ, தொழிற்சாலைப் பாதுகாப்பிலோ சில ஆண்டுகள் கழியக்கூடும் என்பதை அறிந்தே செல்லுங்கள்.

சொந்த மாநிலத்திலேயே மீட்புப் பணி செய்ய விரும்புவோருக்குத் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை இன்னும் நேரான வழி. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பொதுத் தேர்வில் தீயணைப்பாளர் பணியும், பட்டதாரிகளுக்கு நிலைய அலுவலர் பணியும் உள்ளன. மாவட்ட அலுவலர் பணி முதல் தொகுதித் தேர்வில் வருகிறது. நாகபுரியில் உள்ள தேசியத் தீயணைப்புப் பணிக் கல்லூரியில் பொறியியலாகவே இதைப் படிக்கலாம். நீச்சல் தெரியாதவர்கள் இன்றே கற்கத் தொடங்குங்கள். பெண்களும் தயங்க வேண்டியதில்லை. வெள்ளத்தில் வீட்டு மாடியில் நிற்கும் பெண்கள், தங்களைத் தூக்க வருபவர் இன்னொரு பெண் என்றால் குழந்தையை நம்பிக் கொடுப்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

தோல் தொழிற்சாலைகளும் நச்சுக் காற்றும்

நம் வட்டாரத்தில் பலரும் எண்ணிப் பார்க்காத, ஆனால் நிலையான வேலைவாய்ப்பு உள்ள பிரிவு தொழிற்சாலைப் பாதுகாப்பு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று பாலாற்றோரம் முழுவதும் தோல் பதனிடும் தொழில் பரவியிருக்கிறது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, அருகில் உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அபாயம் இருக்கும் இடத்தின் அருகே ஆட்களை உறங்க வைக்கக் கூடாது என்பதும், எச்சரிக்கைப் பலகை தொழிலாளி வாசிக்கும் மொழியில் இருக்க வேண்டும் என்பதும் எளிய விதிகள். அவற்றை எழுதி, நடைமுறைப்படுத்தி, தினமும் சரிபார்ப்பதே பாதுகாப்பு அலுவலரின் வேலை.

இன்னொன்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் இறப்பவர்கள் தொடர்ந்து இறந்துகொண்டிருக்கிறார்கள். தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சல்ஃபைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவு அமிலக் கழிவோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். மூடிய தொட்டியிலும், செப்டிக் டேங்கிலும், பாதாளச் சாக்கடையிலும் கழிவு அழுகுவதாலும் அதே வாயு தேங்குகிறது. குறைந்த அளவில் அது அழுகிய முட்டை போல் நாறும்; ஆனால் அளவு கூடியவுடன் மூக்கின் மோப்பத்தையே மரத்துப்போகச் செய்துவிடும். "நாற்றம் போய்விட்டது, இறங்கலாம்" என்று நினைக்கிற நொடிதான் மிகக் கொடியது. முதல் ஆள் மயங்கி விழுகிறார். அவரைத் தூக்க அண்ணனோ தம்பியோ குதிக்கிறார். மூன்றாவதாக மேற்பார்வையாளர் இறங்குகிறார். ஒரே தொட்டியில் இரண்டு, மூன்று பேர் இறப்பது இப்படித்தான். இறங்குமுன் வாயு அளக்கும் கருவியால் சோதிப்பது, காற்றூதி வைத்துக் காற்றோட்டம் ஏற்படுத்துவது, இடுப்புப் பட்டையும், தொட்டி வாயின் மேல் நிறுத்தும் முக்காலித் தாங்கியும், கயிறும் வைத்து மேலிருந்தே இழுக்கும் ஏற்பாட்டைச் செய்வது, எழுத்து மூலமான அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரையும் இறக்காதிருப்பது ஆகியவற்றை ஒரு தொழிற்சாலையில் நிலைநாட்டிய பாதுகாப்பு அலுவலர், பெயர் வெளியே தெரியாமலே பல குடும்பங்களைக் காத்தவர் ஆகிறார்.

இதற்குப் படிப்பு உண்டு. அறிவியல் அல்லது பொறியியல் பட்டமோ பட்டயமோ பெற்றவர்கள், சென்னையில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனம் போன்றவை நடத்தும் தொழிற்பாதுகாப்பு மேல்நிலைப் பட்டயத்தைப் பெறலாம். குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் தொழிலாளர்கள் உள்ள தொழிற்சாலைகளும் அபாயகரமான தொழில்களும் பாதுகாப்பு அலுவலரை நியமிக்கச் சட்டம் கட்டாயப்படுத்துவதால், ஆட்களுக்கான தேவை குறைவதில்லை. 1996ஆம் ஆண்டு இரசாயன விபத்து விதிகளின்படி மாவட்ட அளவில் நெருக்கடிக் குழுக்கள் இருக்க வேண்டும். அவை நடத்தும் ஒத்திகைகளில் தொழிற்சாலை அலுவலரும் தீயணைப்பு அலுவலரும் வட்டாட்சியரும் சந்திக்கிறார்கள். பிற்காலத்தில் துறை மாற நினைப்பவருக்கு அந்த அறிமுகங்கள் பெரிதும் உதவும்.

மருத்துவம், படிப்பு, மற்றவை

மருத்துவமனைப் பக்கம் செல்வோர் 108 ஆம்புலன்சில் அவசர மருத்துவ உதவியாளராகவோ, பெரிய மருத்துவமனைகளின் அவசரப் பிரிவில் செவிலியராகவோ தொடங்கலாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் இராணிப்பேட்டை வளாகத்தில் விபத்துக் காயச் சிகிச்சை மையம் இயங்குவதால், நம் ஊரை விட்டுப் போகாமலே அவ்வேலையைக் கற்கும் வாய்ப்பு உள்ளது. பேருந்து விபத்தில் ஒரே நேரத்தில் முப்பது பேர் வந்தால் யாரை முதலில் பார்ப்பது என்று வரிசைப்படுத்தும் பயிற்சி இத்துறையின் எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவானது.

உயர்கல்வியை விரும்புவோருக்கு மும்பை டாட்டா சமூக அறிவியல் கழகம் பேரிடர் மேலாண்மையில் முதுகலைப் படிப்பு நடத்துகிறது. வேலையில் இருந்துகொண்டே படிக்க இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைப் பட்டயம் ஏற்றது. காட்பாடி வி.ஐ.டி.யில் பேரிடர் தணிப்பு மற்றும் மேலாண்மைக்கென ஒரு மையமே உண்டு. தில்லியிலுள்ள தேசியப் பேரிடர் மேலாண்மை நிறுவனத்தின் இணையவழிப் பாடங்களைப் பட்டம் பெறுமுன்பே படித்துப் பார்க்கலாம். என் கருத்து ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன்: இளநிலையில் புவியியல், கட்டடப் பொறியியல், செவிலியம், சமூகப்பணி என ஏதேனும் ஒன்றில் ஆழமாகக் காலூன்றிவிட்டு முதுநிலையில் பேரிடர் மேலாண்மைக்கு வருகிறவர்களே களத்தில் நிற்கிறார்கள். தொடக்கத்திலிருந்தே எல்லாவற்றையும் சிறிது சிறிதாகத் தொட்டவர்களிடம், "நீங்கள் என்ன செய்யத் தெரிந்தவர்?" என்று முகாமில் கேட்டால் விடை வருவதில்லை. தொண்டு நிறுவனங்களிலும் பன்னாட்டு அமைப்புகளிலும் ஒப்பந்தப் பணிகள் நிறைய உண்டு; நிதி முடிந்தால் வேலையும் முடியும் என்பதை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சேருங்கள்.

எந்த வழியில் போனாலும் தேவைப்படும் கணக்கு

"ஒரு லட்சம் கன அடி" என்று செய்தியில் கேட்டவுடன் அதன் கனம் உங்களுக்குப் புரிய வேண்டும். ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28.3 லிட்டர். அப்படியானால் ஒரு லட்சம் கன அடி என்பது விநாடிக்கு 28 லட்சம் லிட்டருக்கு மேல். நம் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் 236 ஒவ்வொரு விநாடியும் உங்களைக் கடந்து போவதற்குச் சமம். இப்படிச் சொன்னால் ஆற்றோரத்து மக்கள் கிளம்புகிறார்கள். எண்ணை மட்டும் சொன்னால் வேடிக்கை பார்க்க வருகிறார்கள். வானிலை ஆய்வு மையம் "கன மழை" என்றால் ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல், "மிகக் கன மழை" என்றால் 115.6க்கு மேல், "அதி கன மழை" என்றால் 204.5 அல்லது அதற்கு மேல் என்பதும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

முகாமுக்கும் கணக்கு உண்டு. பன்னாட்டு அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஸ்ஃபியர் குறைந்தபட்ச அளவுகளின்படி, ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீரும், தங்க 3.5 சதுர மீட்டர் இடமும், இருபது பேருக்கு ஒரு கழிப்பறையும் வேண்டும். இருபதுக்கு இருபது அடி வகுப்பறை ஏறத்தாழ 37 சதுர மீட்டர்; அதில் பத்துப் பேர்தான் முறையாகத் தங்க முடியும். ஆனால் நாமோ நாற்பது பேரைப் படுக்க வைக்கிறோம். 200 பேருக்குப் பத்துக் கழிப்பறையும், நாளுக்கு 3,000 லிட்டர் தண்ணீரும், இருபது வகுப்பறையும் தேவை என்று கணக்கிட்டால், உங்கள் ஊர்ப் பள்ளி ஒன்றால் ஆகாது, கல்யாண மண்டப உரிமையாளரிடம் ஆவணியிலேயே பேசி வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். பெண்களின் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு எரிகிறதா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதையும் நேரில் போய்ப் பாருங்கள். இவை இல்லாததால் முகாமை விட்டு நள்ளிரவில் இடிந்த வீட்டுக்கே திரும்பிய குடும்பத்தை எனக்குத் தெரியும்.

முதலுதவிச் சான்றிதழைச் செஞ்சிலுவைச் சங்கத்திடமோ புனித ஜான் ஆம்புலன்ஸ் அமைப்பிடமோ பெற்றுக்கொள்ளுங்கள். இதயம் நின்றவருக்கு மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும் என்பதைப் படித்தால் போதாது. பொம்மையின் மேல் கை வலிக்கும்வரை பழக வேண்டும். வெள்ளம் வந்தால் பாம்பும் வீட்டுக்குள் வரும். கடிவாயைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், அசையாமல் படுக்க வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தெரிந்திருக்க வேண்டும். வரைபடம் தயாரிக்க கியூ-ஜி.ஐ.எஸ். என்ற இலவச மென்பொருளும் இஸ்ரோவின் புவன் தளமும் போதுமானவை. ஆர்வம் உள்ளவர்கள், தனிநபர்கள் தாமே இயக்கிச் செய்தி பரிமாறும் ஹாம் வானொலிக்கான உரிமத் தேர்வையும் எழுதலாம்; 2004 ஆழிப்பேரலையில் அந்தமானின் தொலைபேசிகள் அறுந்தபோது அங்கிருந்து செய்தி அனுப்பியவர்கள் ஹாம் இயக்குநர்களே.

முதல் ஆண்டை இப்படிச் செலவிடுங்கள்

சித்திரை, வைகாசியில் உங்களுக்கு அருகிலுள்ள ஓர் ஏரியை எடுத்துக்கொண்டு கரை முழுவதும் நடந்து, மதகு, கலங்கல், கரை அரித்திருக்கும் இடம், நீர் வழிந்து செல்லும் கால்வாயில் எழுந்திருக்கும் வீடுகள் ஆகியவற்றை வரைபடமாக்குங்கள். காலை பத்து மணிக்குள் நடந்து முடித்துவிடுங்கள். ஆனி, ஆடியில் முதலுதவிப் பயிற்சியையும் நீச்சலையும் முடியுங்கள். கல்லூரியில் இருப்பவர்கள் நாட்டு நலப்பணித் திட்டத்திலோ தேசிய மாணவர் படையிலோ சேர்ந்து, தன்னார்வலர்களுக்கான ஆப்த மித்ரா பயிற்சி உங்கள் மாவட்டத்தில் எப்போது நடக்கும் என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள். ஆவணியில் ஊரில் எழுபது வயதைக் கடந்த, தனியாக வாழும் முதியவர்களின் வீடுகளுக்கு ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வாருங்கள். யாரோடு போனால் அவர்கள் வீட்டை விட்டு வெளியே வருவார்கள் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்கள் மகனின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைத்தான் சொல்வார்கள்.

புரட்டாசி முடியுமுன் அந்த வரைபடத்தையும் பட்டியலையும் இரண்டு படிகள் எடுத்து, ஒன்றை உங்கள் கிராம நிர்வாக அலுவலரிடமும் மற்றொன்றை வட்டாட்சியர் அலுவலகத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். உங்கள் தொலைபேசி எண்ணை முதல்நிலை மீட்பாளர் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். ஐப்பசியில் மழை தொடங்கி, உங்களை அழைக்கும் நாளில், டார்ச் விளக்கு, சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், தடித்த காலணி, பிளாஸ்டிக் உறையில் போட்ட அந்தப் பட்டியலின் மூன்றாவது படி ஆகியவற்றோடு செல்லுங்கள். வீட்டில் யாரிடமாவது எந்த ஏரிக்குப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.